ஐம்பது வயசு விமானமும் அதன் லாக் புக்கும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவுல சொந்தமா பிளேன் வச்சிருக்கீங்களாமே சார், அதைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் போனில் சொன்னார். சொந்தப் பிளேன் என்றதும் உங்கள் மனதில் ஒரு படம் ஓடியிருக்கும். கோட் சூட் போட்ட ஆசாமி படிக்கட்டில் இறங்குகிறார், கீழே கார் காத்திருக்கிறது. அந்தப் படத்தை முதலில் அழித்து விடுங்கள். எங்கள் விமானம் 1975 மாடல் செஸ்னா 172. ஒரே இன்ஜின், 150 குதிரைசக்தி, நாலு சீட். நாலு பேரும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் டாங்க் நிறையப் பெட்ரோல் போட முடியாது. மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும், எதிர்க்காற்று இல்லாவிட்டால். கதவைச் சாத்தும்போது நம்ம பழைய ஃபியட் மாதிரி ஒரு சத்தம் வரும். அதிலும் பாதிதான் என்னுடையது. எந்தப் பாதி தாத்தா என்று என் பேத்தி கேட்கிறாள்.

2004-ல் வாங்கியபோது ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன். "முப்பது வருஷத்துப் பழசாடா? கார் கூட புதுசாத்தானே வாங்கினே?" என்றாள். நியாயமான கேள்வி. என் அமெரிக்க சிநேகிதர்களும் கேட்ட கேள்விதான்.

பதில் கொஞ்சம் நீளம். செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது 1956-ல். இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. ஆனால் 1986-ல் கம்பெனி இந்தச் சின்ன விமானங்கள் செய்வதையே நிறுத்தி விட்டது. முப்பது வருஷத்துக்கு முன் விற்ற விமானம் விழுந்தாலும் தயாரித்தவர் மேல் வழக்குப் போடலாம் என்ற நிலை. நஷ்ட ஈட்டுச் செலவும் இன்ஷூரன்ஸும் விமானத்தின் விலையையே விழுங்கின. 1994-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. விமானத்துக்கு 18 வயது ஆகிவிட்டால், சில விலக்குகள் தவிர, தயாரித்தவர் மேல் வழக்கு இல்லை. அதற்கப்புறம்தான் தொழிற்சாலை மறுபடி திறந்தது. நடுவில் பத்து வருஷம் காலி. அதனால் சாதாரணச் சம்பளக்காரர் அங்கே விமானம் வாங்குகிறார் என்றால் அது பெரும்பாலும் அறுபதுகளிலோ எழுபதுகளிலோ பிறந்த விமானமாகத்தான் இருக்கும். இன்றைக்குப் புதுசு நாலு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. நாங்கள் பழசுக்குக் கொடுத்தது 38,000.

பழசு என்பதற்கும் பாதுகாப்பில்லாதது என்பதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அமெரிக்கச் சட்டத்தில், விமானத்தின் பறக்கும் தகுதிச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி என்று ஒன்று இல்லை. விதிப்படி பராமரிக்கும் வரை அது செல்லும். பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்றால், முதல் பொறுப்பு சொந்தக்காரருக்கு அல்லது இயக்குபவருக்கு. மெக்கானிக்கைக் கைகாட்டிவிட்டு நகர முடியாது. இந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். பயமும் கொடுக்கும்.

சரி, வாங்குகிற கதைக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தேடினோம். நான், ஒரு பல் டாக்டர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் பக்கம், ஒரே ரன்வே உள்ள சின்ன விமான நிலையம். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த ஊர் டேட்டன். அவர்களுடைய 1903 விமானத்துக்கு இன்ஜின் செய்தது யார் தெரியுமா? அந்தச் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். சுமார் ஆறு வாரத்தில் செய்தார். பறந்தவர்கள் பேர் எல்லோருக்கும் தெரிகிறது, அவர் பேர் தெரிவதில்லை. ஐம்பது வருஷம் விமான வேலை பார்த்த மெக்கானிக்குகளுக்கு இன்றும் அவர் பேரில்தான் அமெரிக்க அரசு விருது கொடுக்கிறது. இது வழியில் சொன்னது.

முதலில் பார்த்த விமானம் பளபளவென்று இருந்தது. புது பெயின்ட், தோல் சீட். ஆசிரியர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக் கொள்ளத் தயார். நம்ம ஊரில் லாரி வாங்குகிறவர்கள் "பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சு வச்சிருக்கானுங்க" என்பார்களே, அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் இருந்தது. லாக் புக்கைக் கேட்டேன்.

இந்த லாக் புக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய விமானம் வாங்குவது என்பதே பாதிக்கு மேல் வாசிக்கிற வேலை. உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, பல சமயம் புரொப்பெல்லருக்கும் ஒன்று. பிறந்த நாளிலிருந்து என்ன கழற்றினார்கள், என்ன மாட்டினார்கள், எத்தனை மணி நேரம் ஓடியது, யார் கையெழுத்துப் போட்டார், அவர் உரிம எண் என்ன, எல்லாம் இருக்க வேண்டும். பெரிய ரிப்பேர் செய்தால் 337 என்று எண்ணிட்ட ஒரு படிவம் அரசுக்குப் போக வேண்டும். அதன் நகல் ஒக்லஹோமா நகரத்தில் உள்ள விமானப் பதிவகத்தில் இருக்கும். பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். அடமானம் ஏதும் பாக்கி இருக்கிறதா, நம்மிடம் விற்கிறவர்தான் உண்மையான சொந்தக்காரரா என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பளபள விமானத்தின் முதல் இருபது வருஷ லாக் புக் "வீடு மாறும்போது தொலைந்து விட்டது". ஒக்லஹோமாவிலிருந்து வந்த நகலில் 1983-ல் ஒரு பக்க இறக்கையையே மாற்றியதாக இருந்தது. விற்பவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இறக்கை மாற்றியது தப்பில்லை. ஒழுங்காக மாற்றியிருந்தால் அது நல்ல இறக்கைதான். மறைத்ததுதான் எங்களுக்கு உறுத்தியது. இதை மறைத்தவர் வேறு எதை மறைத்தாரோ என்று திரும்பி வந்து விட்டோம்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் இப்போது இருப்பது. பெயின்ட் மங்கல், சீட்டுத் துணி கிழிசல், ஆனால் 1975 முதல் ஒரு பக்கம் விடாமல் லாக் புக். விற்பவருக்குப் பழக்கமில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனோம். இது முக்கியம். எப்போதும் அதே விமானத்தைப் பார்க்கிற மெக்கானிக், தான் போன வருஷம் சரி என்று கையெழுத்துப் போட்டதை இன்று தப்பு என்று சொல்லச் சங்கடப்படுவார். எங்கள் ஆள் பெயின்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரைத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். அந்தக் காலத்து செஸ்னாக்களின் அலுமினியத் தகடுகளுக்கு உள்பக்கம் பெரும்பாலும் பூச்சு கிடையாது. கடலோரத்தில் நின்ற விமானம் என்றால் உள்ளே வெள்ளைத் தூளாகப் பூத்திருக்கும். இன்னொரு எதிரி எலி. இறக்கைக்குள் கூடு கட்டிச் சிறுநீர் கழித்தால் அலுமினியம் அரித்து விடும். சிரிக்காதீர்கள், எலியால் ஸ்கிராப்புக்குப் போன விமானம் உண்டு.

உடல் சுத்தம். இன்ஜினும் நன்றாக ஓடியது. முழுக்கப் பிரித்துச் சேர்த்து 700 மணி ஆகியிருந்தது. இந்த லைகமிங் இன்ஜினுக்கு 2000 மணி என்று தயாரிப்பாளர் கணக்கு. ஆனால் மெக்கானிக் லாக் புக்கில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். 1996 முதல் 1999 வரை நாலு வருஷத்தில் மொத்தமே ஒன்பது மணி நேரம்தான் பறந்திருக்கிறது.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். கார் இன்ஜின் மாதிரி இல்லாமல் இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. ஓடும்போது தெறிக்கிற எண்ணெய்தான் அதன் மேல் விழ வேண்டும். ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து விடும், காற்றின் ஈரம் உள்ளே படியும், கேம் மேல் துரு பிடிக்கும். பிறகு ஓட ஆரம்பித்ததும் அந்தத் துருப் புள்ளி சின்னக் குழியாகி, குழி உரிந்து, கேம் தேயும். ஓடித் தேய்ந்த இன்ஜினை விடச் சும்மா நின்ற இன்ஜினுக்குத்தான் பயப்பட வேண்டும். "இது வரலாம், வராமலும் போகலாம். திறக்காமல் சொல்ல முடியாது" என்றார் மெக்கானிக். விற்பவர் கேட்டது 43,000. அந்த நாலு வருஷத்தைக் காட்டி 5,000 குறைத்தோம். குறைத்த பணத்தை அப்படியே இன்ஜின் நிதி என்று பேங்கில் போட்டோம். பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் 15 டாலர் அதில் சேர வேண்டும் என்று எழுதிக் கொண்டோம்.

எழுதிக் கொண்டோம் என்றேனே, கூட்டாக வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் வாங்கவே கூடாது. சிநேகிதத்தை நம்பலாம், சிநேகிதத்தின் ஞாபகசக்தியை நம்பக் கூடாது. எங்கள் ஒப்பந்தத்தில் பதினோரு ஷரத்து. யாருக்கு எந்த வாரம், பங்கை விற்பதானால் எப்படி என்றெல்லாம் இருந்தது. எட்டாவது ஷரத்து: மூவரில் ஒருவரோ மெக்கானிக்கோ "வேண்டாம்" என்று சொன்னால் விமானம் தரையில்தான். அதற்கு ஓட்டெடுப்பு கிடையாது. இதைப் போட்டவர் பல் டாக்டர். அன்றைக்கு யாரும் அதைப் பெரிசாக நினைக்கவில்லை.

இனி பராமரிப்பு. நம்ம ஊர் லாரிக்கு எஃப்.சி. காட்டுவது போல இதற்கு வருஷாந்திரச் சோதனை. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை சீட், தரை, மூடிகள் எல்லாம் கழற்றி வைத்து விடுவோம். கட்டுப்பாட்டுக் கேபிள்கள், கப்பிகள், பிரேக், மேக்னெட்டோ, பேட்டரி எல்லாம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பவுண்டு அழுத்தக் காற்றைக் கொடுத்து எவ்வளவு தாங்குகிறது என்று குறிப்போம். அதோடு, இந்த மாடல் விமானங்களில் எங்காவது ஆபத்தான குறை தெரிய வந்தால் அரசு ஆணை போடும். அதை நிறைவேற்றாமல் பறக்கக் கூடாது. செஸ்னாவுக்கு 1987-ல் வந்த ஆணை ஒன்று சீட் தண்டவாளத்தைப் பற்றியது. தண்டவாளத்து ஓட்டைகள் தேய்ந்தால் விமானம் மேலே ஏறும்போது பைலட்டின் சீட் பின்னால் வழுக்கி விடும். வழுக்குகிறவர் கையில் பிடித்திருப்பது ஸ்டியரிங், அதையும் சேர்த்து இழுப்பார், மூக்கு தூக்கிக் கொள்ளும். பல உயிர் போயிருக்கிறது. ஒரு சின்ன ஓட்டை! 2011-ல் அந்த ஆணையைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த ஓட்டைகளை நான்தான் அளக்கிறேன், மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

கையெழுத்து அவர்தான் போட வேண்டும். இதைத் தம்பிகள் கவனிக்க வேண்டும். நான் இங்கே பி.இ., அங்கே டாக்டர் பட்டம். ஆனால் இந்த விமானத்தை "சரி" என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. காலேஜ் வாசல் மிதிக்காத எங்கள் மெக்கானிக்குக்கு உண்டு. உடல், இன்ஜின் இரண்டுக்கும் உரிமம் வாங்க முப்பது மாத அனுபவமோ, அங்கீகரித்த பள்ளிப் படிப்போ வேண்டும். பிறகு தேர்வுகள். உரிமம் வாங்கி மூன்று வருஷமாவது கழித்துத்தான் வருஷாந்திரக் கையெழுத்துப் போடும் அதிகாரத்துக்கு மனுப் போடலாம். இந்தியாவிலும் விமானப் பராமரிப்புக்கு டி.ஜி.சி.ஏ. உரிமம் தனி, டிகிரி தனி. எனக்கு இதில் வருத்தமில்லை. நம் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு துண்டு இரும்பை ராவி ராவிச் சதுரமாக்கச் சொல்லி, மட்டம் வைத்துப் பார்த்து, திரும்பக் கையில் கொடுத்த இன்ஸ்ட்ரக்டரும் எம்.ஈ. படித்தவர் இல்லையே.

பைலட் உரிமம் உள்ள சொந்தக்காரர் தானே செய்யக் கூடிய வேலைகளும் உண்டு. எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது. பெட்ரோலில் இன்னும் ஈயம் இருப்பதால் பிளக்கில் சின்னச் சின்ன ஈய உருண்டைகள் ஒட்டியிருக்கும், ஊசியால் நோண்டி எடுக்க வேண்டும். 2030-க்குள் ஈயம் போட்ட விமானப் பெட்ரோலை ஒழித்து விடுவது என்பது அமெரிக்காவின் திட்டம். என் பிளக்குகள் சந்தோஷப்படும். வெயில் காலத்தில் வேகமானியின் குழாய்க்குள் குளவி மண் கூடு கட்டும், உறை போட மறக்கக் கூடாது. பறக்கும் முன் இறக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன வேலைகள்தான் எனக்குப் பறப்பதை விடப் பிடிக்கும் என்று மனைவி சொல்கிறாள். நான் மறுப்பதில்லை.

எண்ணெயை ஐம்பது மணிக்கு ஒரு முறை மாற்றுகிறோம், பறக்காவிட்டாலும் நாலு மாதத்துக்கு ஒரு முறை. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதில்லை. தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் என்ன தின்கிறது என்பது அதில் தெரியும்.

2015 ஏப்ரலில் ஃபில்டரை விரித்தபோது நாலைந்து இழை மினுமினுத்தது. காந்தம் வைத்தேன், ஒட்டியது. ஒட்டினால் இரும்பு. இரும்பு என்றால் கேமோ, அதை ஒட்டி ஓடும் டாப்பெட்டோ. அந்த அளவுக்கு உடனே நிறுத்தத் தேவையில்லை, கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு மறுபடி வெட்டிப் பார்க்கலாம் என்றார் மெக்கானிக். ஊரை விட்டுத் தூரம் போகாமல் மேலேயே சுற்றிவிட்டு, பத்து மணி நேரம் கழித்து மே மாதம் வெட்டினோம். இந்தத் தடவை கால் ஸ்பூன்.

இன்ஜின் அப்போது மொத்தம் 1,300 மணி. எண்ணெய் அழுத்தம் சரி. சத்தம் சரி. கம்ப்ரஷன் 80-க்கு 76. சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆசிரியருடைய மகள் அந்த ஜூனில் காலேஜ் முடிக்கிறாள். பட்டமளிப்பு விழாவுக்கு அவரே பறந்து போய் மகளைக் கூட்டி வருவதாக ஒரு வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தார். "இன்னும் நாலு மணி நேரம்தானே. போய் வந்துவிட்டுத் திறப்போமே" என்றார். அவர் சொன்னது பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். கேம் தேய்வது மெதுவாக நடக்கும் சமாசாரம், சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நாலு மணியில் ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரும்புத் தூள் ஃபில்டரோடு நிற்கிறதா, பேரிங்குக்கும் போகிறதா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பின் சீட்டில் ஒரு பெண் பிள்ளை.

மெக்கானிக் "வேண்டாம்" என்றார். ஷரத்து எட்டு. ஆசிரியர் அன்றைக்கு ஹேங்கர் கதவைச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விழாவுக்குக் காரில் போனார்.

ஒரு சிலிண்டரைக் கழற்றினோம். உள்ளே லைட் அடித்தால், முட்டை மாதிரி எழும்ப வேண்டிய கேமின் மூக்கு மழுங்கியிருந்தது. டாப்பெட்டின் முகம் அம்மைத் தழும்பு போல. 1996-க்கும் 1999-க்கும் நடுவில் யாரோ ஓட்டாமல் விட்ட நாலு வருஷம், பதினாறு வருஷம் கழித்து ஃபில்டரில் வந்து சேர்ந்தது.

பிரித்துச் சேர்க்க 26,000 டாலர். நிதியில் 600 மணிக்கு 9,000, ஆரம்பத்தில் போட்ட 5,000, ஆக 14,000. பாக்கி 12,000, ஆளுக்கு நாலாயிரம். எனக்கும் பல் டாக்டருக்கும் கஷ்டம்தான், முடிந்தது. மகளைப் படிக்க வைத்து முடித்த ஆசிரியருக்கு முடியவில்லை. அவர் பங்கை நாங்களே போட்டு, பறக்கும்போது மெதுவாகத் திருப்பிக் கொடுங்கள் என்றோம். அவர் ஒப்புக் கொள்ளவில்லை. ஒப்பந்தப்படி பங்கை எங்களுக்கு விற்று விட்டார். விலையில் ஒரு டாலர் பேரம் பேசவில்லை. கடன் பட்டு விமானம் ஓட்டுவது தனக்குப் பிடிக்காது என்றார். அவர் போனது எனக்கு இன்ஜின் போனதை விடப் பெரிசு. அவருடன் பறந்த பதினோரு வருஷத்தில் மேப்பில் விரல் வைத்து வழி சொன்னவர் அவர்தான்.

செலவைப் பற்றி நேற்று ராத்திரி டின்னரில் நிறையப் பேர் கேட்டீர்கள். விமானம் வாங்கும் விலை சின்னது. ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், வருஷாந்திரம் மூன்றும் நீங்கள் ஒரு மணி நேரம்கூடப் பறக்காவிட்டாலும் வரும். பறக்கும் போது மணிக்குச் சுமார் எட்டு காலன் பெட்ரோல். நடுவில் அரசாங்கம் புதிய கருவி கேட்கும். 2020 ஜனவரி முதல் பெரிய ஊர்களின் வான்பகுதியில் நுழைய, தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி கட்டாயம். அதற்கும் கை விட்டோம். வருஷத்துக்கு ஐம்பது மணி நேரமாவது பறக்காதவர் வாடகைக்கு எடுத்துப் பறப்பது லாபம். வாடகைக்கு எடுத்தவனுக்கு ராத்திரி நல்ல தூக்கமும் வரும்.

அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பையன்களுக்கு ஒரு தகவல். விசாவில் இருக்கும் வரை விமானத்தை உங்கள் பேரில் பதிவு செய்ய முடியாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஓட்டக் கற்றுக் கொள்ளத் தடையில்லை, ஆனால் வெளிநாட்டவர் முன்கூட்டி அரசு அனுமதி பெற வேண்டும்.

இன்ஜின் மாற்றிய பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு மணி நேரம் பறப்பது என்று நானும் டாக்டரும் முறை வைத்திருக்கிறோம். பனிக்காலத்தில் இன்ஜினுக்கு முதலில் சூடு காட்டி, எண்ணெய் இளகிய பிறகுதான் கிளப்புகிறோம். எங்கள் மெக்கானிக்குக்குச் சார்லி டெய்லர் விருது கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் பாக்கி, அது வரை கண்ணும் கையும் தாங்கும் என்கிறார். ஆசிரியர் ரிடையர் ஆகி விட்டார். ஒவ்வொரு அக்டோபரும் வருஷாந்திரம் நடக்கிற சனிக்கிழமை காலையில் தன் ஸ்குரூ டிரைவரோடு வந்து விடுகிறார். தரைத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, டப்பாவில் வரிசையாக ஒட்டி வைப்பது அவர் வேலை. ஃபில்டரை நான் வெட்டுகிறேன், காந்தத்தை அவர் வைக்கிறார். போன அக்டோபரில் ஒன்றும் ஒட்டவில்லை.

கேன்டீனில் காபி தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். லாக் புக்கின் போட்டோ நகல் சில பக்கம் கொண்டு வந்திருக்கிறேன், பார்க்க விரும்பும் மாணவர்கள் அங்கே வாருங்கள்.